பூங்காவில் குரல் கொடுக்க: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கப் பொதுப் பூங்காக்களில் கண்டனக் கூட்டம், நினைவேந்தல், துண்டறிக்கை வினியோகம் ஆகியவற்றை நடத்த அனுமதி பெறுவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பல கடிதங்கள் தலைநகர் வாஷிங்டனைப் பற்றியே கேட்டிருப்பதால் பதில்களும் அங்கேதான் அதிகம் நிற்கின்றன.

மே 18 அன்று வெள்ளை மாளிகைக்கு எதிரே இருக்கும் லஃபாயெட் பூங்காவில் விளக்கேற்றி ஒரு மணி நேரம் நிற்க நினைக்கிறோம். இருபது, இருபத்தைந்து பேர் வருவோம். அனுமதி வாங்க வேண்டுமா?
– வாசகர், மேரிலாந்து

25 பேர் வரை என்றால் வேண்டாம். அந்தப் பூங்கா தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் இருக்கிறது. அதற்கான விதி கூட்டாட்சி விதித்தொகுப்பில் 36ஆம் தலைப்பு, 7.96ஆம் பிரிவு. 25 பேரோ அதற்குக் குறைவாகவோ கூடினால் அனுமதிச்சீட்டு இல்லாமலே நிற்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் "இருபது, இருபத்தைந்து" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நம் நிகழ்ச்சிகளுக்கு ஒருவரைக் கூப்பிட்டால் குடும்பமாக வருவார்கள். விதி "ஆட்கள்" என்றுதான் சொல்கிறது, வயது பிரித்துச் சொல்லவில்லை. பிள்ளைகளும் கணக்கில் சேர்வார்கள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 26ஆவது ஆள் வந்து நின்றதும் சலுகை போய்விடுகிறது. "சரி, இருபத்தைந்து இருபத்தைந்தாக இரண்டு குழுவாகப் பிரிந்து நிற்போம்" என்று சிலர் யோசிப்பார்கள். அதையும் விதி முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கிறது. ஏற்கெனவே இந்தச் சலுகையில் நிற்கும் இன்னொரு குழுவின் நீட்சியாக உங்கள் குழு இருக்கக் கூடாது. அனுமதி பெற்று நடக்கும் வேறு நிகழ்ச்சிக்கு இடைஞ்சலாகவும் இருக்கக் கூடாது. கையில் பிடிக்கும் பதாகைகளோடு நின்றுகொள்ளுங்கள். மேடை, பந்தல் எதையும் இந்தச் சலுகையை நம்பிக் கொண்டுபோக வேண்டாம்.

எங்கள் ஆலோசனை: 18 பேருக்கு மேல் எதிர்பார்த்தால் விண்ணப்பித்துவிடுங்கள். பேச்சுரிமை சார்ந்த கூட்டத்துக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அனுமதிச்சீட்டு கையில் இருந்தால் அந்த மூலை, அந்த நேரம் உங்களுடையது. இல்லாவிட்டால் வேறொரு குழு சீட்டோடு வந்து நிற்கும்போது நீங்கள் நகர வேண்டியிருக்கும். நினைவேந்தலின் நடுவில் நகரச் சொல்லப்படுவது மனத்தை மிகவும் நோகச் செய்யும்.

விளக்கு பற்றி: பாட்டரி விளக்கு என்றால் சிக்கல் இல்லை. உண்மையான சுடர்தான் வேண்டும் என்றால் எத்தனை, எப்படிப் பிடிக்கப்போகிறீர்கள் என்பதை விண்ணப்பத்திலேயே எழுதிக் கேளுங்கள்.

நேஷனல் மால் புல்வெளியில் கூடி, அங்கிருந்து நாடாளுமன்றமான கேபிடல் கட்டடம் வரை ஊர்வலமாகப் போக வேண்டும். எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது?
– வாசகி, வர்ஜீனியா

மூன்று அலுவலகங்களில். காலடியில் இருக்கும் நிலம் யாருடையது என்பதுதான் இந்த விஷயத்தில் முதல் கேள்வி. வாஷிங்டனில் அது தெருவுக்குத் தெரு மாறும்.

மால் புல்வெளி தேசியப் பூங்காச் சேவையுடையது. கிழக்கே 3ஆம் தெருவைத் தாண்டி, கேபிடலுக்கு மேற்கே குளத்தோடு இருக்கும் யூனியன் சதுக்கமும் பார்வைக்கு மாலின் தொடர்ச்சி போலத்தான் தெரியும். ஆனால் அது 2011 கடைசியில் கேபிடல் நிர்வாகத்தின் கைக்கு மாறிவிட்டது. அங்கும் கேபிடல் வளாகத்திலும் கூடுவதற்குக் கேபிடல் போலீசிடம் அனுமதி வாங்க வேண்டும். இடையில் தார்ச்சாலையில் இறங்கி நடப்பதாக இருந்தால், அது நகரக் காவல்துறையின் எல்லை.

நகரத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தாராளமானது. நடைபாதையிலேயே, மற்றவர்களுக்கு வழிவிட்டு, போக்குவரத்து விளக்கை மதித்து நடந்தால் முன்னறிவிப்புத் தேவையில்லை. சாலையில் இறங்காத, 50 பேருக்குக் குறைவான கூட்டத்துக்கும் தேவையில்லை. திடீர் நிகழ்வு ஒன்றுக்கு எதிர்வினையாக உடனே கூடுவதற்கும் தேவையில்லை. எனவே உங்கள் ஊர்வலத்தை நடைபாதை வழியாகவே வகுத்தால் மூன்றில் ஒரு விண்ணப்பம் குறைந்துவிடும்.

இன்னொரு குழப்பம்: வெள்ளை மாளிகை வேலியை ஒட்டிய நடைபாதையைப் பார்த்தால் நகர நடைபாதை மாதிரி இருக்கும். அது பூங்காச் சேவைக்குச் சேர்ந்தது, அதற்கென்று தனி விதிகளும் உண்டு. உச்ச நீதிமன்றத்தைச் சுற்றிய நடைபாதையில் பதாகை பிடிக்கலாம் என்று 1983இல் அந்த நீதிமன்றமே தீர்ப்பளித்தது. படியேறினால் வரும் பளிங்கு முற்றத்தில் கூடாது.

லிங்கன் நினைவகம் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் 1963இல் மார்ட்டின் லூதர் கிங் பேசிய இடம் என்று எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பெரிய தூண்களின் அடித்தள மட்டத்திலும் அதற்கு மேலும், அதற்கு நேர்கீழே இருக்கும் ஒரு வரிசைப் படிகளிலும் ஆர்ப்பாட்டம் செய்யக் கூடாது. அதற்கும் கீழே உள்ள தளங்களுக்கு அனுமதி கேட்கலாம். ஜெஃபர்சன் நினைவகத்தின் உள்வட்டமும் விலக்கப்பட்ட இடம். 2008இல் நள்ளிரவையொட்டி ஒரு சிறு குழு காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு அங்கே சத்தமே இல்லாமல் நடனமாடியது. அதுவும் ஆர்ப்பாட்டமே என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்துவிட வேண்டாம்.

விண்ணப்பத்தை எப்போது, எப்படிக் கொடுப்பது? எத்தனை நாளில் பதில் வரும்?
– வாசகர், பென்சில்வேனியா

தலைநகரில் பூங்காச் சேவையின் இடங்களுக்கு ஓராண்டுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அதற்கு முன் ஏற்க மாட்டார்கள். கடைசி வரம்பு 48 மணி நேரம். முதலில் வந்த விண்ணப்பத்துக்கே முன்னுரிமை என்பதால், மே, ஆகஸ்டு போன்ற நெரிசல் மாதங்களில் கடைசி வரம்பை நம்பி இருக்க வேண்டாம்.

அந்த விதியில் ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. ஆர்ப்பாட்டத்துக்கான விண்ணப்பம் அலுவலகத்துக்குக் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் மறுக்கப்படாவிட்டால், அது வழங்கப்பட்டதாகவே கருதப்படும். அந்த இடத்துக்குரிய கட்டுப்பாடுகள் எல்லாம் அப்படியே பொருந்தும், பின்னால் காரணம் எழுந்தால் ரத்து செய்யவும் முடியும். ஆனாலும் "இன்னும் பரிசீலனையில் இருக்கிறது" என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு நிகழ்ச்சியைக் கைவிட வேண்டியதில்லை. விண்ணப்பம் கிடைத்த தேதி, நேரம் இரண்டையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரக் கடிகாரம் அந்த நிமிடத்திலிருந்துதான் ஓடுகிறது.

வெள்ளை மாளிகை நடைபாதைக்கு 750 பேர், லஃபாயெட் பூங்காவுக்கு 3000 பேர் என்று உச்சவரம்பு உண்டு. லஃபாயெட்டில் வரம்பைத் தளர்த்திக் கேட்பவர்களுக்கு 24 மணி நேரக் கணக்கு பொருந்தாது. அவர்கள் குறைந்தது 10 நாள் முன்பே விண்ணப்பித்து, கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போதிய தொண்டர்கள் இருப்பதையும் காட்ட வேண்டும்.

படிவத்தில் பெரும்பாலும் சறுக்கும் இடங்கள்:

இடம். "லஃபாயெட் பூங்கா" என்று மட்டும் எழுதினால் போதாது. வடகிழக்கு மூலையா, நடுவில் இருக்கும் ஜாக்சன் சிலைக்குத் தெற்கேயா என்று எழுதி, ஒரு வரைபடத்தில் வட்டமிட்டு இணைத்துவிடுங்கள். அதே பூங்காவில் அதே நேரத்தில் வேறு குழு கேட்டிருந்தாலும் இருவருக்கும் இடமிருந்தால் இருவருக்கும் கொடுக்க வேண்டும் என்பதே விதி. உங்களுக்கு எவ்வளவு இடம் தேவை என்று நீங்கள் சொன்னால்தான் அது நடக்கும்.

நேரம். கூட்டம் மாலை 4 முதல் 6 என்று எழுதுகிறார்கள். ஒலிபெருக்கி பூட்ட ஒரு மணி நேரம், கழற்றிக் குப்பை பொறுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்பது விட்டுப்போகிறது. 3 முதல் 7 என்று கேளுங்கள்.

எண்ணிக்கை. அனுமதி எளிதாகக் கிடைக்கும் என்று நம்பிக் குறைத்து எழுதுவது தவறான கணக்கு. 60 பேர் என்று எழுதிவிட்டு 300 பேர் வந்தால், ஒதுக்கிய இடம் நிரம்பி நடைவழி அடைபடும். அப்போது காவல்துறை தலையிட நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

எதிர்ப்பாளர்கள். உங்கள் கூட்டத்தைக் குலைக்க யாரும் வரக்கூடும் என்று தெரிந்தால் எழுதுங்கள். வெறுப்பவர்கள் வருவார்கள் என்பதற்காக உங்கள் அனுமதியை மறுத்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். முன்பே தெரிந்தால் இரு தரப்புக்கும் நடுவில் இடைவெளி விட்டு வேலி போட அவர்களால் முடியும்.

பதாகைக்குக் கம்பு கட்டக் கூடாது என்று ஒருவர் சொல்கிறார், கட்டலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். எது சரி?
– வாசகி, டெலவேர்

வெள்ளை மாளிகை நடைபாதையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். கட்டலாம், ஆனால் மரக்கம்பு மட்டும், அதன் குறுக்குவெட்டு முக்கால் அங்குலத்துக்கு முக்கால் அங்குலம், அதைத் தாண்டக் கூடாது.

கடைக்குப் போனால் இங்கேதான் ஏமாறுவோம். மரக்கடையில் "ஒன்றுக்கு இரண்டு" என்ற பெயரில் கட்டுக்கட்டாக மலிவாகக் கிடைக்கும் மரச்சட்டத்தின் உண்மை அளவு முக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். ஒரு பக்கம் சரியாக இருக்கும், மறுபக்கம் இரு மடங்கு. முக்கால் அங்குலச் சதுரக் குச்சி என்று கேட்டு, அளவுநாடாவை வைத்துப் பார்த்து வாங்குங்கள். பிவிசி குழாயும் அலுமினியக் கம்பியும் லேசாகத்தான் இருக்கும். ஆனால் விதி மரத்தை மட்டுமே அனுமதிக்கிறது.

பதாகையே அட்டை, போஸ்டர் அட்டை, துணி இம்மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். அகலம் 3 அடி, நீளம் 20 அடி, தடிமன் கால் அங்குலம், இவற்றைத் தாண்டக் கூடாது. தேர்தல் நேரத்தில் வீட்டு வாசல்களில் நடுவார்களே, உள்ளே வரிவரியாகக் குழல் ஓடும் பிளாஸ்டிக் அட்டை, அது மெல்லியதுதான், மழைக்கும் தாங்கும். ஆனால் பிளாஸ்டிக் அந்தப் பட்டியலில் இல்லை. அரை அங்குல நுரைப்பலகை தடிமனிலேயே அடிபட்டுப் போகும். 20 அடித் துணிப் பதாகையை நான்கு பேர் பிடித்து நிற்பதுதான் காற்றடித்தாலும் சமாளிக்கக் கூடியது. ஓரமாக மடித்துத் தைத்து, அடியில் கனமான கயிறு கோத்துவிட்டால் காற்றில் சுருண்டு எழுத்து மறையாது.

அந்த நடைபாதையின் நடுப்பகுதி, அதாவது மையப் புள்ளியிலிருந்து இரு பக்கமும் பத்துப் பத்து கஜம், பதாகையோடு நிற்கக் கூடாத இடம். நடந்துகொண்டே இருந்தால் பிடித்துப் போகலாம். படமெடுக்க வசதியான இடம் அதுதான் என்பதால் எல்லோரும் அங்கேதான் போய் நிற்பார்கள், நகரச் சொன்னதும் வாக்குவாதம் தொடங்கும். வேலியில் சாய்த்து வைப்பது, விளக்குக் கம்பத்தில் கட்டுவது இரண்டும் கூடாது. பதாகை எப்போதும் ஓர் ஆளின் கையிலோ உடலிலோ பட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

சாலையைக் கடந்து லஃபாயெட் பூங்காவுக்குள் போனால் கணக்கு வேறு. அங்கே கையில் பிடிக்காமல் தரையில் நிறுத்தும் பலகை ஆளுக்கு இரண்டு வரை. எந்தப் பக்கமும் 4 அடியைத் தாண்டக் கூடாது, தடிமன் கால் அங்குலம், மேல் விளிம்பு தரையிலிருந்து 6 அடிக்குள். பலகைக்குச் சொந்தக்காரர் 3 அடிக்குள் இருக்க வேண்டும். 1981இல் அங்கே தொடங்கிப் பல பத்தாண்டுகள் இரவு பகலாக நடந்த அணு ஆயுத எதிர்ப்பு விழிப்பு நிகழ்வு கூட, 2013இல் காவலிருந்தவர் இடத்தை விட்டு அகன்ற நேரத்தில் தன் கூடாரத்தையும் பலகைகளையும் பூங்காக் காவல்துறையிடம் இழந்தது. தேநீர் வாங்கப் போவதானாலும் மாற்றாள் வந்து நின்ற பிறகே போங்கள்.

பேச்சாளர் ஏறி நிற்கும் மேடைக்கும் அந்தப் பூங்காவில் அளவு உண்டு. 100 பேருக்குக் குறைந்த கூட்டம் என்றால் நீளம், அகலம், உயரம் எல்லாம் 3 அடிக்குள் அடங்கும் ஒரு பெட்டி. 100 பேரும் அதற்கு மேலும் என்றால் கூட்டத்தின் தேவைக்கேற்ற மேடை ஒன்று.

லஃபாயெட் பூங்காவில் இரண்டு நாள் தொடர் உண்ணாவிரதம் இருக்க விரும்புகிறோம். இரவில் அங்கேயே தங்கலாமா?
– வாசகர், நியூ ஜெர்சி

விழித்திருக்கலாம், தூங்கக் கூடாது. வேடிக்கையாகத் தோன்றினாலும் சட்டம் அதுதான்.

1982 குளிர்காலத்தில், வீடற்றவர்களின் அவலத்தைக் காட்ட ஓர் அமைப்பு லஃபாயெட் பூங்காவிலும் மாலிலும் அடையாளக் கூடாரங்கள் போட அனுமதி கேட்டது. கூடாரங்களுக்கு அனுமதி கிடைத்தது. அவற்றில் தூங்குவதற்குக் கிடைக்கவில்லை. வீடற்றவர் தூங்குவதே எங்கள் செய்தி என்று அவர்கள் வாதாடினார்கள். 1984இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் பூங்காச் சேவையின் பக்கம் நின்றது. தூக்கத்துக்கான தடை எல்லோருக்கும் ஒன்றுதான், சொல்லப்படும் கருத்தைக் குறிவைத்தது அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம்.

படுக்கை விரிப்பதையும், சமைப்பதையும், தனிப்பட்ட உடைமைகளைச் சேர்த்து வைப்பதையும் தங்குவதற்கான அடையாளமாகவே விதி பார்க்கிறது. உண்ணாவிரதம் இருப்பவருக்குப் போர்வை வேண்டும், சாயவும் வேண்டும். எனவே ஆட்களை முறை வைத்து மாற்றுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு குழு என்று பிரித்து, ஓய்வெடுக்க அருகில் ஒரு விடுதி அறை எடுத்து வையுங்கள். பைகளும் தண்ணீர்ப் பெட்டிகளும் அந்த அறையிலேயே இருக்கட்டும். மடக்கு நாற்காலிகளின் எண்ணிக்கையை விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். மருத்துவர் ஒருவரின் எண்ணைக் குழுத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர்கூட இல்லாமல் ஜூலை வெயிலில் வாஷிங்டனில் உட்கார்வதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம்.

எங்கள் ஊர் நகராட்சிப் பூங்காவில் கூட்டம் போடக் காப்பீடும், காவலர் செலவும் கேட்கிறார்கள். கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, ஜார்ஜியா

உங்கள் மாநிலத்திலிருந்தே இதற்கான முக்கிய வழக்கு புறப்பட்டது என்பதால் விரிவாகச் சொல்கிறோம்.

ஊர்வலங்களுக்கு நியாயமான நிர்வாகக் கட்டணம் வாங்கலாம் என்று 1941லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எனவே கட்டணம் என்றாலே சட்டவிரோதம் என்று சொல்லிவிட முடியாது. ஃபோர்சைத் மாவட்டத்தில் நாளொன்றுக்கு 1000 டாலர் வரை கட்டணம் வைத்திருந்தார்கள். எவ்வளவு என்பதை நிர்வாகியே முடிவு செய்யலாம். எதிர்ப்பு அதிகம் வரக்கூடிய கூட்டத்துக்குக் காவல் அதிகம், ஆகவே கட்டணமும் அதிகம் என்பது அதன் உட்பொருள். 1992இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கேட்பவர்கள் கோபப்படுவார்கள் என்பதற்காகப் பேசுபவரிடம் கூடுதல் பணம் வாங்கினால், அது கருத்துக்கு விதிக்கும் அபராதமே.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "இந்தத் தொகை எந்த விதியில், எந்த அட்டவணையில் இருக்கிறது?" அச்சிட்ட அட்டவணை ஒன்று, கோயில் திருவிழாவுக்கும் கால்பந்துக் குழுவுக்கும் உங்களுக்கும் ஒரே தொகை என்றால் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அட்டவணையைக் காட்டாமல், உங்கள் தலைப்பு என்ன, யார் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டுத் தொகை சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள். வசதியில்லாத குழுக்களுக்குக் காப்பீட்டு விலக்கு பல ஊர் விதிகளில் இருக்கும். கேட்டால்தான் சொல்வார்கள்.

நல்ல விதிக்கு மாதிரி வேண்டுமென்றால் சிகாகோ பூங்கா மாவட்டத்தின் விதியைப் பாருங்கள். 50 பேருக்கு மேற்பட்ட நிகழ்ச்சிக்கு அனுமதி வேண்டும், 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் எழுத்தில் தர வேண்டும், மறுப்பதற்கான 13 காரணங்களும் விதியிலேயே எண்ணி வைக்கப்பட்டிருந்தன. 2002இல் உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாக ஏற்றது. நியூயார்க்கில் இந்த எண் 20. அதற்கு மேல் ஆள் கூடினால் பூங்காத் துறையிடம் போக வேண்டும்.

ஒலிபெருக்கிக்கு வேறு அனுமதியா?
– வாசகர், நியூயார்க்

ஆம். உங்கள் நகரில் பூங்கா அனுமதி ஒன்று, ஒலிபெருக்கிக்கு அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் இன்னொன்று. முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதை மறந்தவர்கள் மைக் இல்லாமல் தொண்டை கிழியக் கத்துவதைக் காணலாம்.

சத்தத்தின் அளவை நகரம் கட்டுப்படுத்தலாமா என்பது சென்ட்ரல் பார்க் இசை அரங்கம் பற்றிய 1989 வழக்கிலேயே முடிவாகிவிட்டது. கட்டுப்படுத்தலாம், எல்லோருக்கும் ஒரே மாதிரி இருந்தால் சரி. வெள்ளை மாளிகை நடைபாதையில் ஒலியமைப்பே வைக்க முடியாது, கூட்டத்தை ஒழுங்குபடுத்தத் தேவை என்று அதிகாரி ஏற்றுக்கொள்ளும் கைமைக் தவிர. லஃபாயெட் பூங்காவில் வைக்கலாம், ஆனால் ஒலிபெருக்கிக் குழாயின் முகம் வெள்ளை மாளிகைக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். 200 பேருக்கு, பாட்டரியில் ஓடும் இரண்டு ஒலிபெட்டிகளைக் கூட்டத்தின் இரு ஓரத்திலும் தலை உயரத்துக்கு மேல் நிறுத்தினால் போதும். ஒரே பெட்டியை முன்னால் வைத்து அலறவிட்டால் முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு எதுவும் புரியாது.

தலைநகருக்கு வெளியே உள்ள தேசியப் பூங்காக்களில் துண்டறிக்கை கொடுக்கலாமா? எங்கள் இயக்கத்தின் டி-ஷர்ட் விற்கலாமா?
– வாசகர், கலிஃபோர்னியா

அறிக்கை கொடுக்கலாம். 2007இல் ரஷ்மோர் மலையில் இலவசத் துண்டறிக்கை கொடுத்த ஒருவரை அனுமதி இல்லை என்று தடுத்தார்கள். 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்போதைய விதியே செல்லாது என்றது. தனியாளும் சிறு குழுவும்கூட அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும் என்பதே அதன் குறை. அதன் பிறகு வந்த விதிதான் இன்று எல்லாத் தேசியப் பூங்காக்களிலும் இருக்கும் 25 பேர் சலுகை. ஆனால் ஒவ்வொரு பூங்காவிலும் இதற்கென்று குறித்த இடங்களில் மட்டும்தான் நிற்கலாம். பூங்கா அலுவலகத்தில் அதற்கு ஒரு வரைபடம் இருக்கும், போனதும் அதைக் கேளுங்கள். 25 பேரைத் தாண்டினால் விண்ணப்பம். முழுமையான விண்ணப்பத்துக்கு 10 நாளில் பதில் சொல்ல வேண்டும், அனுமதி 14 நாள் வரை செல்லும், பிறகு நீட்டிக்கக் கேட்கலாம்.

டி-ஷர்ட் விற்பது வேறு கதை. மாலில் 1995 முதல் அதற்கு இடமில்லை. புத்தகம், செய்தித்தாள், துண்டறிக்கை, சட்டையில் குத்தும் வில்லை, காரில் ஒட்டும் ஒட்டி ஆகியவற்றை விற்க மட்டுமே விதி வழிவிடுகிறது. சட்டையை அணிந்து வாருங்கள், அங்கே விற்க வேண்டாம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். கூட்டத்துக்கு வரலாமா? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடலாமா?
– வாசகர், டெக்சாஸ்

இந்தக் கேள்வி வேறு வேறு சொற்களில் பலரிடமிருந்து வந்திருக்கிறது. பயம் நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

முதல் சட்டத் திருத்தம் தரும் பேச்சுரிமை குடிமக்களுக்கு மட்டும் உரியதல்ல. இந்நாட்டில் வாழும் பிறநாட்டவருக்கும் அது உண்டு என்று 1945இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பூங்கா விதியும் விண்ணப்பதாரர் குடிமகனாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. எனவே வரலாம், கையெழுத்தும் போடலாம். சட்டம் அதுவரை தெளிவு.

விசா வேறு துறையின் கையில் இருக்கிறது. 2025இல் பல்கலைக்கழக வளாகப் போராட்டங்களில் கலந்துகொண்ட மாணவர்களின் விசாக்கள் ரத்து செய்யப்பட்டதும், சிலர் தடுத்து வைக்கப்பட்டதும் எல்லோரும் அறிந்த செய்தி. பூங்கா அனுமதி பூங்காவில் நிற்க வழி செய்கிறது, குடியேற்றத் துறையிடம் அது எந்தப் பாதுகாப்பும் தராது. அனுமதி விண்ணப்பம் அரசு ஆவணம் என்பதையும், அதில் உள்ள பெயர் வெளியே வரக்கூடும் என்பதையும் மனத்தில் வையுங்கள். குழுவில் குடிமக்கள் இருந்தால் பொறுப்பாளராக அவர்களே கையெழுத்திடட்டும். ஒழுங்குபடுத்தும் தொண்டர்களாகவும், காவலரிடம் பேசுபவராகவும் அவர்களே நிற்கட்டும். நீங்கள் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள், அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் நில்லுங்கள். காவலர் கலையச் சொன்னால் முதல் அறிவிப்பிலேயே நகருங்கள், ஏனென்றால் ஒரு சிறு கைதுகூட விசாப் படிவங்களில் பதில் சொல்ல வேண்டிய விஷயமாகிவிடும். விசா மாற்றமோ பச்சை அட்டையோ நடுவில் நிற்கிறது என்றால் போகும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வராமல் இருப்பவரைக் கோழை என்று யாரும் சொல்ல வேண்டாம். பதாகை எழுதுவதும் உணவு கொண்டுவருவதும் கூட்டத்தின் பங்குதான்.

அனுமதி மறுத்துவிட்டால்?
– வாசகி, இல்லினாய்

முதலில் அது மறுப்புத்தானா என்று பாருங்கள். "அந்த நாள் கஷ்டம்", "வேறு நாள் பார்க்கலாமே" என்பதெல்லாம் மறுப்பு அல்ல. தலைநகரில் மறுப்பதற்கு விதி நான்கு காரணங்களைத்தான் தருகிறது: அதே இடத்துக்கும் நேரத்துக்கும் முன்பே வேறு விண்ணப்பம் இருந்து இருவருக்கும் இடம் போதாமை, பொதுப் பாதுகாப்புக்குத் தெளிவான உடனடி ஆபத்து, அந்த இடம் அவ்வளவு பெரிய அல்லது நீண்ட நிகழ்ச்சியைத் தாங்காமை, சட்டத்துக்கு முரணாக இருத்தல். உங்கள் கருத்து பிடிக்கவில்லை என்பது அதில் இல்லை. மறுப்பு எழுத்தில் வந்ததும் எந்தக் காரணம் என்று பார்த்து, அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். இடம்தான் சிக்கல் என்றால் பக்கத்துப் பூங்காவை மாற்றாகக் கேட்பது வழக்குப் போடுவதைவிட விரைவில் முடியும்.

நீதிமன்றம் போக வேண்டி வந்தால் அவசரத் தடையுத்தரவு கேட்கலாம். குடிமை உரிமை வழக்குகளை நடத்தும் சங்கங்கள் இலவசமாக உதவும். நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மாலை போய் நிற்காதீர்கள்.

அனுமதி இல்லாமலே போய்விடலாமா என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பர்மிங்காம் நகரில் 1963 ஊர்வலத்துக்குப் பின் இரண்டு வழக்குகள் எழுந்தன. அதிகாரிகளுக்கு வரம்பில்லாத அதிகாரம் தந்த அனுமதிச் சட்டத்தை மீறியதற்கான தண்டனையை 1969இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஊர்வலத்துக்கு எதிராக நீதிபதி பிறப்பித்த தடையுத்தரவை மீறியதற்கான தண்டனையை 1967இல் ஐந்துக்கு நான்கு என்று உறுதி செய்தது. மார்ட்டின் லூதர் கிங் அதற்காகச் சிறை சென்றார். அலுவலர் சொன்ன "இல்லை" வேறு, நீதிபதி கையெழுத்திட்ட "கூடாது" வேறு. உங்கள் கையில் இருப்பது இரண்டாவது என்றால், நடப்பதற்கு முன் அதை மேல்நீதிமன்றத்தில் எதிர்த்தே ஆக வேண்டும்.